வாட்ச்சைக் கழற்றும் வில்லன்

பேரின்பநாதனுக்குக் கதை சொல்ல வராது. தஞ்சம் கேட்டு அமெரிக்காவுக்கு வருகிறவனிடம் வேறு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது இருக்க வேண்டும்.

2005 டிசம்பரில், எலும்பைக் குடைகிற குளிரில், மெல்லிய மழைச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நியூ ஜெர்சி ஐசலினில் என் காஸ் ஸ்டேஷனுக்கு வந்து நின்றான். வயது முப்பத்தைந்து இருக்கும். கையில் என் அக்கா வசந்தாமணியின் கடிதம். "எங்கட ஊர்ப் பிள்ளை, தங்கமான குணம், ஒரு வழி பண்ணிவிடு" என்று எழுதியிருந்தாள். அக்கா ஊரைவிட்டு அசையாதவள். அவளுடைய ஒரே மகன் சுவாமிநாதனை 1996இல் ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. அவன் எப்போதாவது வந்து படலையைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும் என்று அங்கேயே இருக்கிறாள். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. நியூ ஜெர்சியில் கார்க்காரர் தானே இறங்கிப் பெட்ரோல் அடிக்கச் சட்டம் விடாது. குளிரில் நிற்க எனக்கு எப்போதும் ஒருவன் தேவை. நிற்கவைத்தேன். வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு கட்டிலும் போட்டுக்கொடுத்தேன்.

அவனுடைய மனைவி பத்மராணியும் ஆறு வயது மகள் மதுஷாவும் முல்லைத்தீவுப் பக்கம் இருந்தார்கள். அவனுக்குத் தஞ்சம் கிடைத்தால் இருவரையும் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் அவர்கள் அங்கேயேதான். ஊரில் மறுபடி சண்டை மூளப்போகிறது என்று ரேடியோக்காரன் முதல் ரொட்டிக்கடைக்காரன் வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம்.

"என்ன நடந்தது? முதலில இருந்து சொல்லு" என்றேன். தஞ்ச நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளரை நாமே கூட்டிக்கொண்டு போகவேண்டும். அது நான்தான் என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது.

"ஒரு மாசம் முகாமில வச்சிருந்தவங்கள் அண்ணை. பிறகு விட்டிட்டாங்கள்."

"அடிச்சவங்களோ?"

"பெரிசா இல்லை. ஒரு பெரியவர் இருந்தவர். மரியாதையாத்தான் கதைச்சவர். தேத்தண்ணியும் தந்தவர்."

"தேத்தண்ணி தந்தவனுக்குப் பயந்தோடா அமெரிக்கா வரைக்கும் ஓடி வந்தனி?"

அவன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்புச் சப்பில்லாத இந்தக் கதையை எந்த அதிகாரி நம்புவார்? தேநீர் கொடுக்கிற வில்லனை யார் கண்டது?

வில்லன் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேபிளில் மாதக் காசு தனியாகக் கட்டிப் பார்க்கிற சேனல் ஒன்றில் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஐஸ் கிடங்கு நடத்துகிற ஒரு ரவுடியின் கதை. ஞாயிறு ஒளிபரப்பைப் பதிவு செய்து, திங்கள் மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பார்ப்பேன். என் மனைவி அந்தப் பக்கமே வரமாட்டாள். "இந்த இரத்தக்களரிய எப்பிடித்தான் சோறு தின்னுகொண்டு பாக்கிறியளோ" என்பாள். நான் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டு பார்ப்பேன். அந்த ரவுடி கத்தமாட்டான். ஒருவனை அடிக்கப் போகும்போது தன் வாட்ச்சைக் கழற்றி, அடி வாங்கப் போகிறவன் கையிலேயே கொடுத்து, "கீழே விழாமல் பிடித்துக்கொள்" என்பான். அடி விழ விழ அந்த மனிதன் வாட்ச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான். முதல் தடவை பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் தடவை, ஒளிக்காமல் சொல்கிறேன், ரசித்தேன்.

பேரின்பநாதனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"பார், இப்பிடித்தான் சொல்லோணும். சின்ன விபரம் ஒண்டு போதும், கேக்கிறவன் சாகுமட்டும் மறக்கமாட்டான். உன்ர தேத்தண்ணிக்காரனைத் தூக்கி எறி."

அவன் தட்டில் கைவைக்காமல் பார்த்தான். நான்கு மாதம், ஒவ்வொரு திங்களும், பாடம் நடத்தினேன். முகாம் அதிகாரிக்கு ஒரு தழும்பு கொடுத்தோம், குரலைத் தாழ்த்தினோம், பேரின்பநாதனின் இரண்டு விரல்களை முறித்தோம். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து கோணிய விரல்கள் அவனுக்கு இருந்தது வசதியாகப் போயிற்று.

நேர்காணல் 2006 மே மாதம். அதிகாரி ஒரு இளம் பெண். நல்ல பிள்ளை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். பேரின்பநாதன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். விரல் முறிக்கும் இடம் வந்ததும் அவனுக்கு மறந்துவிட்டது. என்னைப் பார்த்தான். பிறகு திடீரென்று, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைச் சொன்னான்.

"அவர் தன்ர மணிக்கூட்டைக் கழட்டி என்ர கையில தந்தவர். விழாமப் பிடி எண்டவர்."

நான் அதை விழுங்கியிருக்கலாம். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் என் நாக்கு ஊறிப்போயிருந்தது. அவன் ஒரு வரியில் சொன்னதை நான் மூன்று வரியாக்கி, இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த ரவுடி சொல்வது போலவே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். நான் தமிழில் சொல்லியாக வேண்டும்.

"வீட்டில கேபிள் டிவி இருக்கோ எண்டு கேக்கிறா."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்" என்றான். அன்று அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நம்பகத்தன்மை இல்லை என்று எழுதி, கேஸை நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருஷம் நீதிபதியும் அதே வார்த்தையைச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். நான் அவனைத்தான் திட்டினேன். "ஆரடா உன்னை அந்த வாட்ச்சைக் கொண்டுபோய்ச் சொருகச் சொன்னது?" என்று வீட்டிலும் கடையிலும் ஆள் பார்க்காமல் ஏசினேன். அவன் வாங்கிக்கொண்டான்.

2007 ஜூலையில் ஒரு ஞாயிறு மத்தியானம் பேஸ்மென்ட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவன், என்னை உட்காரச் சொன்னான். புது வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறான். மறைத்த உண்மை எதுவும் இருந்தால் இப்போதே சொல், கேஸை மறுபடி திறக்கக் கேட்டுப்பார்க்கலாம், ஆனால் அந்த ஊர்க்காரர் யாராவது சாட்சிக் கடிதம் எழுதவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் எங்கள் சின்ன ஊர்க்காரர் நான் ஒருவன்தான்.

"அண்ணை, என்னை அவங்கள் அடிக்கேல்லை. ஊர்ச் சனத்தைப் பள்ளிக்கூட வளவில வரிசையா விட்டவங்கள். எனக்குத் தலையில சாக்குப் போட்டு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. பக்கத்தில அந்தப் பெரியவர். நான் ஆருக்குத் தலையாட்டுறனோ, அவனை ட்ரக்கில ஏத்துறது."

தலையாட்டி. எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது.

"பத்துப் பேருக்காவது ஆட்டாட்டி என்ர தம்பியை எடுப்பம் எண்டவங்கள். ஒன்பது வரைக்கும் எண்ணினன். பிறகு..." அவன் மடித்த சட்டையை மறுபடி விரித்தான். "உங்கட அக்காவின்ர மகன் எனக்கு நேர வந்து நிண்டவன். சாக்குக்குள்ள நான் எண்டு அவனுக்குத் தெரியாது."

"ஏன்டா இதை முதலே சொல்லேல்லை?"

"உங்கட வாயாலதானே அண்ணை அதை இங்கிலீசில அந்த ஆபீசருக்குச் சொல்லோணும்?"

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். நான் அழவில்லை, அவனை அடித்தேன். கன்னத்தில், காதில், தோளில். அவன் ஒரு கையால் முகத்தை மறைத்தான், மற்றக் கையை மூடி நெஞ்சோடு வைத்திருந்தான். மூச்சு வாங்கி நான் நிறுத்திய பிறகு அந்தக் கையைத் திறந்து நீட்டினான். உள்ளே என் வாட்ச். ஓங்குவதற்கு முன்னால் அதைக் கழற்றி அவனிடம் கொடுத்திருக்கிறேன். கொடுத்தது எனக்கு நினைவில்லை. அவன் விழாமல் பிடித்திருந்தான்.

"கடிதம் எழுதித் தருவியளோ அண்ணை? எனக்கில்லை. மதுஷாவுக்கு."

"பின்னேரத்துக்குள்ள வெளிக்கிடு" என்றேன்.

அவன் போனான். வக்கீல் மூன்று முறை போன் செய்தார், இரண்டு முறை கடிதம் போட்டார். ஒரு பக்கம் எழுதினால் போதும், அந்தச் சுற்றிவளைப்பு நடந்தது என்று மட்டும் எழுதினால் போதும் என்றார். பொய்யை அத்தனை அழகாக மொழிபெயர்த்தவன், உண்மைக்கு ஒரு பக்கம் எழுதவில்லை. என் அக்கா மகனுக்காகத்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாடகத்தின் கடைசி எபிசோடு அந்த வருஷக் கடைசியில் வந்தது. ஐஸ் கிடங்குக்காரன் சாகவில்லை. எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டு ஒரு நல்ல வீட்டில் உட்கார்ந்து மீன் பொரித்துச் சாப்பிடுகிறான். "அநியாயம்" என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அக்கா மாதத்துக்கு ஒருமுறை போன் எடுப்பாள். "அந்தப் பிள்ளை பேரின்பம் எப்பிடி இருக்கிறான்? நல்லாப் பாத்துக்கொள்" என்பாள். "இருக்கிறான்" என்பேன். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

2009 ஜூன் மாதம், காலை பத்து மணி வாக்கில், கடை போன் அடித்தது. பேரின்பநாதன்தான். நியூவர்க்கில் வேறொரு ஸ்டேஷனில் பெட்ரோல் அடிக்கிறானாம். குரல் அப்படியே இருந்தது, தாழ்ந்து, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல்.

"அண்ணை, வக்கீல் இனி உங்களுக்குப் போன் எடுக்கமாட்டார். நான் கேஸை நிப்பாட்டச் சொல்லிப்போட்டன். பத்மராணியும் மதுஷாவும் பங்கருக்குள்ள இருந்தவையாம், ஷெல் விழுந்திருக்கு. கூப்பிட ஆள் இல்லை."

கதை சொல்லத் தெரியாதவன் அவ்வளவுதான் சொன்னான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு கார்க்காரர் பெட்ரோலுக்காக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.