மரம் எழுதாத வருஷம்

உப்புத்தாளை நான்காக மடித்து ஒரே திசையில் இழுக்கிறாள் வளையலக்கா. போன கை உரசிக்கொண்டே திரும்பாது. முனைக்கு வந்ததும் தூக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். முதலில் எண்பதாம் நம்பர் தாள், அப்புறம் நூற்றிருபது, இருநூற்றிருபது, கடைசியில் நானூறு. இழைத்து முடித்ததும் ஊதுவாள். ஊதிய பிறகு கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கன்னம் கீறினால் இன்னும் பத்து இழுப்பு.

கையில் இருப்பது பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு மரக்குச்சி. உயிரோடு நிற்கிற மரத்தில் துளைக்கருவியைத் திருகி, பட்டையிலிருந்து நடு வரைக்கும் உருவி எடுத்தது. அதைச் சட்டத்தில் ஒட்டி இழைத்தால் மயிரிழை மயிரிழையாக வளையங்கள் எழுந்து வரும். ஒரு வளையம், ஒரு வருஷம். மழை கொட்டிய வருஷம் அகலமாக இருக்கும், காய்ந்த வருஷம் ஒடுங்கிக் கிடக்கும். ஆய்வகத்தில் இருபத்துநான்கு வருஷமாக அக்காவின் வேலை அதை எண்ணுவது. பத்துக்கு ஒரு பென்சில் புள்ளி, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று.

பெயர்க் காரணம் கேட்டால் வாசல் காவலாளி சொல்லுவார்: "நாள் பூரா வளையத்தோடயே இருக்காங்க. கையில மட்டும் ஒரு வளையல் கிடையாது." வளையல் கையோடு இழைத்தால் மரத்தில் கீறல் விழும். கீறல் விழுந்தால் அது வளையமா கீறலா என்று ஒரு நாள் போகும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே கழற்றிவிட்டாள். மாமியார் இருந்தவரை அதற்கொரு சண்டை நடந்தது. மாமியார் போன பிறகும் வளையல் திரும்பி வரவில்லை.

எண்ணுகிற இடத்தில் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. மூலைகள் பழுத்துச் சுருண்டுவிட்டன. "ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்கக் கூடாது." கையெழுத்து இப்போதைய ஆய்வகத் தலைவருடையது. அக்கா சேர்ந்த வருஷம்தான் அவரும் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து ஒரே குச்சியைத் தனித்தனியாக எண்ணி, எண்ணைச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டுத்தான் பிரிப்பார்கள். அடுத்தவர் எண் காதில் விழுந்தால் நம் கண்ணும் அந்த எண்ணைத் தேட ஆரம்பித்துவிடும். தலைவரான பிறகு அவர் கைக்குக் கோப்புகள் வந்தன, லென்ஸ் போய்விட்டது. அவர் இருந்த இடத்தில் இப்போது ஸ்கேனர் இருக்கிறது.

அக்காவுக்கு அந்தக் காகிதம் ரத்தத்தில் ஊறிவிட்டது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று வீட்டுக்காரர் கேட்டால், "பக்கத்துல நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க?" என்பாள். வெளியூரிலிருந்து மகள் போனில் இரண்டு துணியின் படம் அனுப்பி, "எதும்மா நல்லாருக்கு?" என்றால், "நான் சொன்னா அப்புறம் உனக்கு அதுதான் பிடிக்கும். நீயே பாரு" என்று வைத்துவிடுவாள். வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு: "இவகிட்ட மணி கேட்டா கடிகாரத்தைக் காட்டுவா."

தகராறு ஏழாம் குச்சியில் வந்தது.

மலைச்சரிவின் மேல்முனையில் நிற்கிற ஊசியிலை மரங்களிலிருந்து இருபது குச்சிகள். நூற்றைம்பது வருஷத்தில் எத்தனை கடும் வறட்சி வந்தது என்று அவற்றைப் பார்த்து ஆய்வகம் அறிக்கை தர வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். அணையில் எத்தனை மாதத் தண்ணீரைத் தேக்கி வைப்பது என்று குடிநீர் வாரியம் அதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறது. இரண்டு வறட்சி என்று அறிக்கை தயாராகிவிட்டது. வளையலக்கா மூன்று என்றாள்.

"ஏழாவதுல, பட்டையிலேர்ந்து எண்பத்தாறுக்கும் எண்பத்தேழுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. நூல் மாதிரி" என்றாள், ஸ்கேனர் பார்க்கிற டாக்டரம்மாவிடம். டாக்டரம்மா மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல, மரத்தைப் படித்துப் பட்டம் வாங்கியவர்.

"மத்த பத்தொன்பதுலயும் இல்லையேக்கா. கீறலா இருக்கும். மெஷின் பொய் சொல்லாது."

"பொய் சொல்லாது. கண்ணுல படாததையும் சொல்லாது."

அவள் சொல்வது நடக்கிற காரியம்தான். மழை அறவே பொய்த்துப்போன வருஷத்தில் மரம் சுற்றிவர வளையம் போடாது. ஏதோ ஒரு பக்கத்தில் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் விட்டுவிடும். குச்சி அப்படி விட்டுப்போன பக்கத்தில் நுழைந்திருந்தால் அந்த வருஷமே பிறக்காததுபோல் ஆகிவிடும். ஒடுங்கிய வளையங்களை வறட்சி என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். இருப்பதிலேயே கொடிய வறட்சி கணக்கில் வராமல் போயிருக்கும்.

தலைவர் லென்ஸ் கேட்கவில்லை. திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. நீங்க கண்ணைக் கொஞ்சம் காட்டிட்டு வாங்க. அம்பத்தாறு வயசாச்சு, தப்பில்ல. அடுத்த மாசத்துலேர்ந்து ரெக்கார்ட் ரூமைப் பார்த்துக்குங்க. உட்கார்ந்த இடத்து வேலை."

உட்கார்ந்த இடத்து வேலைதான் இருபத்துநான்கு வருஷமாகப் பார்ப்பதும். கண்ணைக் காட்டப் போனாள்.

கண் மருத்துவமனையில் முறை வந்தது. நர்ஸ் ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே இருந்த எழுத்து அட்டையைக் காட்டினாள்.

"வேற அட்டை வையுங்கம்மா" என்றாள் வளையலக்கா.

"ஏன், இதுக்கு என்ன?"

"எனக்கு முன்னாடி போனவர் சத்தமாப் படிச்சிட்டாரு. கடைசி வரி காதுல விழுந்துடுச்சு. இனிமே நான் படிச்சா அது கண்ணு படிச்சதா காது படிச்சதான்னு உங்களுக்குத் தெரியாது."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறொரு அட்டையைத் தேடி எடுத்துவந்தாள். பின்னால் வரிசையில் ஒருவர், "எழுத்துப் பரீட்சையா நடக்குது இங்க?" என்றார். இடது கண் கடைசி வரி வரை படித்தது. வலது கண் இரண்டு வரிக்கு முன்பே நின்றுவிட்டது. புரை. ஆரம்பம்தான், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனாள். ஏழாம் குச்சியை எடுத்து, வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, இடது கண்ணால் எண்ணினாள். நூல் இருந்தது. ஆனால் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எண்ணிய எண் அது. தன் சொல்லையே தான் கேட்டுக்கொண்ட மாதிரி. அவளுக்கே அது போதவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நிதானமாகக் கேட்டு, நிதானமாகத் தப்பாகச் சொல்லுவார்.

"இதுக்கா இவ்வளவு? வீடு பூட்டியிருந்தா நாங்க சராசரி போட்டுட்டு வந்துடுவோம். அடுத்த தடவை நேராயிடும்."

"உள்ள ஆள் இருந்தா?"

"இருந்தா திறக்கப்போறாங்க."

"தட்டினாத்தானே திறப்பாங்க? நீங்க தட்டுவீங்களா?"

"நாய் இல்லாத வீடா இருந்தா தட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை முக்காலியிலிருந்து எடுத்தார். எடுத்த இடத்தில் ஈரம் வட்டமாக நின்றது. துடைக்கத் துணியோடு வந்த வளையலக்கா துடைக்காமல் நின்றாள். வட்டத்தையே பார்த்தாள்.

"என்ன, அதையும் எண்ணப்போறியா?"

"சார் ரூம்ல ஒரு டீ மேஜை இருக்குங்க" என்றாள்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு புயலில் அதே மலைச்சரிவில் ஒரு மரம் சாய்ந்தது. அடிமரத்தை வட்டமாக ஒரு வெட்டு வெட்டி, பட்டை உதிராமல் வார்னிஷ் அடித்து, கால் வைத்து, தலைவர் அறையில் போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஆகா என்பார்கள். "ரெஜிஸ்டர் மேல டீ கிளாஸை வைக்கிறாங்க" என்று அன்றைக்கு முணுமுணுத்தவள் இவள் ஒருத்திதான். குச்சி என்பது மரத்துக்குள் ஒரே ஒரு வழி. மேஜை முழு வட்டம். எந்தப் பக்கத்தில் எழுதியிருந்தாலும் அதில் இருந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குத் தலைவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். ஒன்று ஐந்துக்கு வளையலக்கா அவர் அறைக்குள் இருந்தாள். பூச்சாடியை இறக்கித் தரையில் வைத்தாள். பிளேடால் வார்னிஷைச் சுரண்டினாள். ஜன்னல் பக்கம் பட்டையிலிருந்து நடு வரைக்கும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தடம், அதற்கு நேர் எதிரே சுவர்ப் பக்கம் இன்னொரு தடம். எண்பது. நூற்றிருபது. இருநூற்றிருபதுக்கு வந்தபோது டாக்டரம்மா ஏதோ கோப்போடு கதவைத் திறந்தார்.

"அய்யோ அக்கா! சார் மேஜையையா!"

"ஆமா. கதவைச் சாத்துங்க, தூசி வராண்டாவுக்குப் போகும்."

"வேலைக்கே வேட்டு வச்சிடுவாரு."

"ரெக்கார்ட் ரூமுக்குத்தானே அனுப்புறாரு? போறதுக்கு முன்னாடி இந்த ரெக்கார்டைப் பார்த்துடறேன்."

டாக்டரம்மா கதவைச் சாத்தினார். பிறகு கோப்பை நாற்காலியில் போட்டுவிட்டு, எழுதுமேஜை விளக்கை இழுத்துவந்து தடத்துக்கு நேராகப் பிடித்தார். நானூறாம் தாள் முடிந்தது. கன்னத்தை மேஜையில் வைத்துப் பார்த்தாள் அக்கா. வழவழப்பு.

வலது கண்ணைக் கட்டிக்கொண்டாள். சுவர்ப் பக்கத்தை எண்ணி ஒரு சீட்டில் எழுதி மடித்தாள். ஜன்னல் பக்கத்தை எண்ணி இன்னொரு சீட்டு. இரண்டையும் மறுபடி நடுவிலிருந்து பட்டைக்கு எண்ணினாள். பிறகுதான் சீட்டுகளைப் பிரித்தாள். ஜன்னல் பக்கத்தில் ஒன்று அதிகம்.

எழுபத்தைந்துக்கும் எழுபத்தாறுக்கும் நடுவில். மேஜை மரம் விழுந்து பதினொரு வருஷம் ஆனதைக் கூட்டினால் ஏழாம் குச்சியில் அதே இடம். இரண்டு தடத்துக்கும் நடுவே மிச்சமிருந்த வார்னிஷையும் ஒரு வில்போலச் சுரண்டினாள். ஊசி முனையை அந்த நூல் வளையத்தில் வைத்து அதன் போக்கில் நகர்த்தினாள். ஜன்னல் பக்கத்திலிருந்து கிளம்பி ஒரு சாண் தூரம் தெளிவாக ஓடியது. டீ கிளாஸ் கறை ஒன்றைத் தாண்டியது. மெலிந்தது. அடுத்த வளையத்தோடு ஒட்டிக்கொண்டு, இருக்கும் இடம் தெரியாமல் போனது. ஊசியை அங்கேயே பிடித்தபடி ஒரு நிமிஷம் குனிந்திருந்தாள்.

"எவ்வளவுக்கா?" என்றார் டாக்டரம்மா.

"நீங்களும் எண்ணணும்ல? கேக்காதீங்க."

மணி இரண்டு. பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். தான் வைத்த பென்சில் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். பத்து, இருபது, ஐம்பதின் இரண்டு புள்ளி, நூறின் மூன்று. வில்போல் சுரண்டிய இடத்தை ஒரு கோப்பால் மூடினாள். இரண்டு தடமும் யாரும் தொடாததுபோல் வெளுத்துக் கிடந்தன.

தலைவர் இரண்டேகாலுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? மேஜையை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு தடம் இழைச்சிருக்கேன் சார். பட்டையிலேர்ந்து நடு வரைக்கும் ரெண்டையும் எண்ணுங்க. ஒரே எண்ணா வந்தா ரெக்கார்ட் ரூம் சாவியை இன்னைக்கே நானே வாங்கிக்கறேன். கண்ணு டாக்டர் சீட்டு உங்க டேபிள்ல இருக்கு, வலது கண்ணுல புரைதான்."

"வராட்டி?"

"வராட்டி அறிக்கையை மாத்தணும்."

"டாக்டரம்மா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

டாக்டரம்மா விளக்கைத் தாழ்த்தாமல், "நான் இன்னும் எண்ணலை சார்" என்றார்.

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலும்மா. அன்னைக்கும் இப்படித்தான், இன்னைக்கும் இப்படித்தான்."

"இருக்கட்டும் சார். முயல் இதோ இருக்கு. காலை நீங்களே எண்ணிப் பாருங்க."

தன் லென்ஸை அதன் கயிற்றோடு சேர்த்துக் கழுத்திலிருந்து கழற்றி அவர் பக்கம் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாற்காலியை இழுக்காமல் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். லென்ஸை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார். நகத்தைப் பட்டையோரம் வைத்தார்.

"புள்ளி ஒண்ணுகூடக் காணோமே" என்றார் குனிந்தபடி. "எந்தத் தடத்துலம்மா கூட வருது? அதையாவது சொல்லுங்க."

வளையலக்கா தேய்ந்த உப்புத்தாள்களைப் பொறுக்கிக்கொண்டாள். தரையிலிருந்த பூச்சாடியை அவர் கால் படாமல் ஓரமாக நகர்த்தினாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே போனாள்.