முகர்ந்து பார்த்த விரல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவ ஏலத்துக்கு வந்த சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். காதில் பற்றவைக்காத பீடி செருகிய ஒல்லி மனிதர். டாங்கில் விரலை விட்டு முகர்ந்த பிறகுதான் எந்த வண்டியையும் தொடுவார். ஓடவைத்துத் தந்தபோது, "பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஓட்டப்பிடாது, சாரே" என்றார்.

ஒரே வாரத்தில் எஞ்சின் இறுகி நின்றது. பட்டறைக்குத் தள்ளிவந்து, காத்திருந்தவர்கள் முன்னால், "வேலை தெரியாதவன்" என்று கத்தினேன்.

அவர் டாங்கில் விரலை விட்டு முகர்ந்தார். நான் வெறும் பெட்ரோலை ஊற்றியது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்க தப்புதான், சாரே. சரியாக்கித் தாறேன்."

அதைக் கேட்டதும், காத்திருந்த இருவர் தங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். வாசலை அடைத்து நின்ற என் வண்டியை நகர்த்தி, நான் அவர்களுக்கு வழிவிட்டேன்.