ரிஸ்மா கண்டுபிடித்த நோய்

குளச்சல் ரிஸ்மாவின் மகள் ஹனாவுக்கு ஏழு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டி மூளை பாதித்ததால்தான் கால் பின்னுகிறது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரிஸ்மா நம்பவில்லை.

"பிறந்த உடனே இவ போட்ட கூச்சல்ல நர்சுக்க காதே அடைச்சுப் போச்சு. இவளுக்கா மூச்சு முட்டிச்சு?"

இன்னொன்றும் அவளை உறுத்தியது. காலையில் நன்றாகவே நடக்கும் பிள்ளை, சாயங்காலமானால் தள்ளாடினாள். இது குடும்ப வழியில் வரும் நோய் என்று ரிஸ்மா முடிவு கட்டினாள். குடும்பம் என்றால், கணவன் ஜக்கரியாவின் குடும்பம்தான்.

அடுத்து வந்த கல்யாண வீட்டில் அவனுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் நடையையும் போனில் படம் பிடித்தாள். பிரியாணி தின்று எழுந்த பெரிய மாமாவை இரண்டு தரம் நடக்கவிட்டாள்.

"எங்க ஆளுவளுக்க நடைக்கு என்னட்டி கொறை?" என்று ஜக்கரியா கத்தினான்.

திருவனந்தபுரத்து டாக்டரோ, ஹனா காலையிலும் சாயங்காலமும் நடப்பதை ரிஸ்மா எடுத்திருந்த வீடியோக்களை மட்டும் பார்த்தார். "உங்க சந்தேகம் சரிதான், இது பரம்பரைக் கோளாறு மாதிரிதான் இருக்கு" என்று சொல்லி, பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் ரத்தம் எடுத்து, பிள்ளைக்கு ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார். நாலாம் நாள் சாயங்காலம் ஹனா முற்றத்தில் கோழியைத் துரத்தி ஓடினாள். ரிஸ்மா கோழியையும் அதட்டினாள், அழவும் செய்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கோளாறு வந்தது உம்மா வழியாம். ஜக்கரியா அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தான்.

"நோய் எனக்க வழியில வந்தா என்ன? அதைக் கண்டுபிடிச்ச புத்தியும் எனக்க வழிதானே!" என்ற ரிஸ்மா, மகளுக்கு ஷூ வாங்கக் கிளம்பினாள்.