மீதி உருண்டு வந்துடும்

பருப்பு கொதி வந்த சத்தம் கேட்டால் போதும், குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் நுரையோடு வெளியே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறார். கரண்டியும் கையுமாக நிற்கும் மனைவி, தரையில் அவருடைய ஈரக்கால் தடத்தைப் பார்க்கிறாள். பிறகு அடுப்பைப் பார்க்கிறாள்.

“இன்னும் வேகவே இல்லைங்க.”

“மூடி வை. இருக்கிற சூட்டுலயே மீதி உருண்டு வந்துடும்” என்று குளியலறைக்குள்ளிருந்து பதில் வருகிறது.

உருண்டு வரத்தான் செய்தது. அன்று மதியம் அந்தப் பருப்பு மூவருடைய பல்லுக்கு அடியிலும் உருண்டு உருண்டு வந்தது.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு நியூட்ரல் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினையும் நிறுத்திவிட்டு, கீழே இருக்கிற நிறுத்தம்வரை வண்டியைச் சும்மாவே உருளவிடுவார். அதுவரை தடதடத்துக்கொண்டிருந்த பேருந்தில் திடீரென்று ஆஸ்பத்திரி அமைதி பரவும். பின் இருக்கையில் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டு வெட்கப்பட்டு நிறுத்துவார்கள்.

டீசல் மிச்சம் பிடிக்கும் டிரைவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிப்போவில் ரொக்கப் பரிசு உண்டு. அது வழக்கமாக இவருக்குத்தான். மேனேஜர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தை ‘பாதுகாப்பே முதல்’ என்ற பலகைக்குக் கீழே மாட்டிவைப்பார். எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

சாலையில் கற்ற வித்தையை நியூட்ரல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து. இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி உடனே அணைத்துவிடுவார். முதல் சூடு அவருடைய சீருடைக்கு. அடுத்தது மகளின் கல்லூரி உடுப்புக்கு. மனைவியின் துணி வரும்போது பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். கடைசியில் வரும் தலையணை உறைக்கு ஆறுதல் மட்டும்தான் கிடைக்கும்.

விடுமுறை நாளில் மதியம் எல்லோரும் படுத்ததும் மின்விசிறியை நிறுத்துவார்.

“சுத்திக்கிட்டுதானே இருக்கு? நிக்கிறதுக்குள்ள தூங்கிடுங்க.”

“தூக்கம் என்ன உங்க பஸ்ஸாப்பா, கிளம்புறதுக்குள்ள ஓடிப் போய் ஏறிக்க?” என்பாள் மகள். பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அவர் புரண்டு படுப்பார். வியர்வையில் அவருக்கும் தூக்கம் வராது. ஆனால் குறட்டை விடுவார்.

தொலைக்காட்சியில் படம் முடியப்போகிற நேரம் பார்த்து அணைப்பது இன்னொரு வழக்கம். “நல்லவன்தான் ஜெயிக்கப் போறான். அதைப் பாக்கக் கரண்ட் செலவா?” மகள் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் முடிவைத் தெரிந்துகொண்டு வருவாள். சற்று நேரம் பொறுத்து, செருப்புக்கு ஆணி அடிக்கிற சாக்கில் அவள் பக்கம் வந்து, “கடைசில அந்தத் தம்பிக்காரன் என்ன ஆனான்?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார்.

கஞ்சன் என்று அவரை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. ஊர் டீசலை மிச்சம் பிடித்தவருக்குச் சொந்தமாக ஒரு வேன் வாங்கி ஓட்டும் ஆசை வந்தது. மனைவியின் அண்ணன் பீரோ கடை வைத்திருக்கிறார். அவரிடம் கைமாற்றாகப் பெருந்தொகை வாங்கிப் பழைய வேன் ஒன்றை எடுத்தார். பெயின்ட் வாசனை போவதற்குள் இன்ஜின் மண்டையைப் போட்டுவிட்டது. வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. கடன் வீட்டோடு தங்கிவிட்டது. அந்தப் பணத்தை அண்ணனிடம் கேட்டு வாங்கித் தந்தது மனைவிதான்.

பீரோ கடைக்காரர் நல்ல மனிதர். பணத்தைத் திருப்பிக் கேட்கவே மாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சுற்றிப் பார்ப்பார். அவ்வளவுதான். கண் ஒவ்வொரு பொருளாக நகரும். எங்காவது நின்றால் ஒரே ஒரு வார்த்தை வரும்: “புதுசா?”

“பழசுதான்ணே. நல்லா தேச்சுக் கழுவி வெச்சிருக்கேன்.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து அவர் வருகிற நாளில் வீடே ஏழை வேஷம் போடும். புதுச் செருப்பு அரிசிப் பானைக்குப் பின்னால் போகும். இலவசமாக வந்த சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். மகளுக்குக் கல்லூரிப் பை வாங்கிய அன்று, நியூட்ரல் அதை வாசல் மதிலில் நாலு தேய் தேய்த்துப் பழசாக்கிக் கையில் கொடுத்தார். பெண் வாங்கி, கீறல் விழுந்த பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத்தன்று உறவுப் பெண்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணி வந்து நியூட்ரலின் மனைவி தோளில் கை வைத்து, “நம்ம வீட்டுப் பொண்ணுதானே, கொஞ்சம் பின்னாடி பாத்துக்கம்மா” என்றார். பின்னாடி என்றால் குழாயடி. வந்தவர்கள் குடித்துவைத்த டம்ளர்களை எல்லாம் பெண்ணின் சொந்த அத்தை உட்கார்ந்து கழுவினாள். தாம்பூலத் தட்டு மாற்றியதை அவள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

அழவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “கல்யாணத்துல நான் முன் வரிசையில உட்காரணுங்க. அவளை இடுப்புல தூக்கி வளத்தவ நான். அதுக்குள்ள அந்தக் கடனை முடிச்சுடுங்க.”

“முடிச்சுடறேன்” என்றார் நியூட்ரல். வேன் ஆசை அவருடையது; சுருங்கிய விரல் அவளுடையது.

அதன் பிறகு சிக்கனம் பித்தாக முற்றியது. பற்பசைக் குழாயைக் கத்தரித்து உட்புறத்தை வழித்தார்கள். பால் உறை இரண்டு முறை குளித்தது. குளியலறை விளக்கை எடுத்துவிட்டு, “கதவை ஒரு விரக்கடை திறந்து வெச்சுக்கோ, தெருவிளக்கு வெளிச்சம் வரும்” என்றார். “தெருவும் வருமேப்பா” என்றாள் மகள். மனைவி யாரும் சொல்லாமலேயே தன்னுடைய பதினோரு மணித் தேநீரை நிறுத்தினாள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் போல இருந்தார்.

தவணை தவணையாக அடைத்து, கடன் வாலளவு மிஞ்சியது. அடுத்து வரும் டீசல் பரிசு கிடைத்தால் அந்த வாலும் அறுந்துவிடும். ஆகவே தண்ணீர்த் தொட்டி மேடு மட்டும் போதவில்லை அவருக்கு. சின்னச் சரிவு கண்டாலும் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குப் புதிதாகக் காற்று ஏறாது, ஸ்டியரிங் கல்லாகிவிடும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். கண்டக்டர் முணுமுணுத்தார்.

“அண்ணே, காத்து தீந்துடப் போகுது.”

“இருக்கிற காத்து போதும்டா.”

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பேருந்தில் மனைவியும் ஏறினாள். கல்யாணத்துக்கு என்று பழைய புடவை ஒன்றைச் சாயம் போடக் கொடுத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு டிரைவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். டிக்கெட்டும் எடுத்தாள், அதில் எல்லாம் நியூட்ரல் நேர்மை. மேட்டின் உச்சியில் இன்ஜின் நின்றது. வீட்டில் மின்விசிறி நிற்கும்போது வருகிற அதே அமைதி. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பாதிச் சரிவில், பக்கத்துச் சந்திலிருந்து வெங்காயத் தள்ளுவண்டி ஒன்று சாவகாசமாகத் திரும்பியது. நியூட்ரல் ஹாரனை அடித்தார், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். அது அசைய மறுத்தது. பிரேக்கை ஒரு மிதி மிதித்தார், மறு மிதிக்குக் காற்று போதவில்லை. கைப் பிரேக்கையும் இழுத்து, பிரேக் மேல் எழுந்தே நின்றார். உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். வண்டிக்காரர் தலையில் கை வைத்துக் குந்திவிட்டார். பேருந்து நின்றபோது அதன் மூக்கு வெங்காயக் குவியலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“ரிப்பேர்! ரிப்பேர்! யாரும் பயப்படாதீங்க!” என்று கண்டக்டர் கத்தினார். எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒருத்திக்கு மட்டும் என்ன ரிப்பேர் என்று தெரியும். அவள் இறங்கி, வெங்காயக்காரரை எழுப்பித் தண்ணீர் கொடுத்துவிட்டு, சாயத்துணியை அணைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் கால் வைத்தபோது வாசற்படியிலேயே சொன்னாள்: “பரிசும் வேணாம், முன் வரிசையும் வேணாம். எங்க அண்ணன் வீட்டு டம்ளரை நான் கழுவிக்கிறேன். அதுக்கு யாரும் சாக மாட்டாங்க. நீங்க இன்ஜினை நிறுத்தாதீங்க.”

“சரி.”

“எம் மேல சத்தியமா?”

“உன் மேல வேணாம். சரின்னா சரிதான்.”

“அடுப்பை வேணா நிறுத்திக்கோங்க” என்றாள், உள்ளே போய்க்கொண்டே. “அதுல பாசஞ்சர் கிடையாது.”

அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி மேட்டில் அந்தப் பேருந்து உறுமிக்கொண்டே இறங்கியது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, “என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். சுவரில் இருந்த படமும் மாறியது. பலகை மட்டும் அதே பலகை.

கடன் வாலோடு கல்யாணத்துக்குப் போனார்கள். மண்டபத்தில் டம்ளருக்குத் தனி வாடகை கேட்டார்கள் என்று பீரோ கடைக்காரர் வீட்டிலிருந்தே கோணிக் கோணியாக டம்ளர் கொண்டுவந்திருந்தார். அண்ணி கூட்டத்தில் நாத்தனாரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தோளில் கை வந்தது. “நம்ம வீட்டுப் பொண்ணுதானே...”

சாயம் போட்ட புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். சற்றைக்கெல்லாம் நியூட்ரல் அங்கே வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“எழுந்திரு.”

“எதுக்குங்க?”

“போய் முன்னாடி உட்காரு.”

“பாக்கி இருக்கேங்க.”

“வேன் வாங்கினது யாரு, நீயா? ஸ்டியரிங் பிடிச்ச கை டம்ளர் பிடிக்காதா? எழுந்திருன்றேன்.”

அவள் தயங்கினாள். மகள் வந்து அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் முன் வரிசையில், மணமேடைக்கு நேர் எதிரே, உட்காரவைத்தாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் மேடையிலிருந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தது. அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது.

குழாயடியில் மணைப்பலகை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நியூட்ரல் கழுவ ஆரம்பித்தார். தங்கையைக் குழாயடியில் உட்காரவைப்பதில் யாரும் குறை காணமாட்டார்கள். தங்கையின் புருஷன் உட்கார்ந்தால் கதையே வேறு. சமையல்காரர் பார்த்தார், எச்சில் தட்டு எடுக்கிறவர் பார்த்தார், கை கழுவ வந்த சம்பந்தி வீட்டுப் பெரியவர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, “பெண்ணுக்கு யாரு இவரு?” என்று பக்கத்தில் கேட்டார். “அத்தை வீட்டுக்காரர்” என்று யாரோ சொன்னார்கள். சேதி மண்டபத்தின் முன்பக்கம் போய்ச் சேர்ந்தது.

பீரோ கடைக்காரர் பட்டுச் சட்டை சரசரக்க, கையில் பாதி குடித்த தேநீர் டம்ளரோடு ஓடிவந்தார்.

“மாப்ளே! என்ன பண்றீங்க நீங்க? எந்திரிங்க மொதல்ல! சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

“தப்பா நினைக்க மாட்டாங்க மச்சான். உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி இருக்குன்னு நானே சொல்லிடறேன்.”

“ஐயோ, மெதுவா! நான் கேட்டேனா? என்னைக்காவது வாயத் திறந்து உங்களைக் கேட்டிருக்கேனா?”

“கேக்கலை மச்சான். பாத்தீங்க.”

பீரோ கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாசல் பக்கம் சம்பந்தி வீட்டார் இரண்டு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நியூட்ரல் ஒரு டம்ளரை அலசிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். மச்சானின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொள்ள ஈரக் கையை நீட்டினார்.