பாதி ஏணியில்

அவர் வேலை பார்த்த இடம் தரையிலிருந்து இருபது மாடி உயரத்தில் இருந்தது. புதிதாக எழும்பும் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த கிரேனின் உச்சியில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா. காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மதியச் சாப்பாடும் அங்கேதான். கீழே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. கிரேன்காரர் என்றால் போதும், எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

“முதலாளியே ஆனாலும் என் காலுக்குக் கீழதான்,” என்று அவர் வீட்டில் பெருமை அடித்துக்கொள்வதுண்டு. பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்ட அவருடைய மனைவி, “சரி, கீழ இறங்கினதும் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க,” என்பாள்.

ஊரெல்லாம் பரவிய அந்தக் கிருமிக் காய்ச்சல் எல்லோருக்கும் வந்த மாதிரிதான் அவருக்கும் வந்தது. முதலில் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு, அப்புறம் மனைவிக்கு, கடைசியில் அவருக்கு. மகளும் மனைவியும் ஒரு வாரம் இருமிவிட்டு எழுந்துவிட்டார்கள். அவரும் எழுந்தார். காய்ச்சல் விட்டது, இருமல் நின்றது, நாக்குக்கு ருசி திரும்பியது. இனி வேலைக்குப் போகலாம் என்று தெருமுனை டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பிப் போன முதல் நாள், ஏணியில் இரண்டாவது தட்டுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க அங்கங்கே இரும்புத் தட்டுகள் இருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் அவற்றை மிதித்துக்கொண்டு போயிருக்கிறாரே தவிர, நின்றதில்லை. இப்போது இதயம் தொண்டைக்கு ஏறி வந்து இடித்தது. கால் இரண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கின. இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“அண்ணே, மேல போயாச்சா?”

கேட்டது விசில். கீழே நின்று, எதை எங்கே தூக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்கிறவன். வாக்கி டாக்கி வருவதற்கு முன்னால் விசில் ஊதியே வேலையை நடத்தியவன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏழெட்டுக் கட்டடங்களாக இருவரும் ஜோடி.

“போயிட்டிருக்கேன்.”

“வழியில டீக்கடை ஏதும் தெறந்துட்டாங்களா?”

அவர் சிரித்தார். சிரிக்க மூச்சு பத்தவில்லை.

அதற்கப்புறம் யாரும் வருவதற்கு முன்பே சைட்டுக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால், வேலை தொடங்கும் நேரத்துக்கு மேலே இருக்கலாம். ஏறிவிட்டால் நாற்காலி இருக்கிறது. நாள் எப்படியோ ஓடிவிடும். மறுநாள்தான் வினை. யாரோ இரவெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு கிடக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். தட்டில் சோறு இருக்கும், கை எழாது.

“படுத்தே கெடந்தா உடம்பு எப்படித் தேறும்? எழுந்து நாலு சுத்து நடங்க,” என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நடந்தார். நடந்த மறுநாள் இன்னும் மோசமாகக் கிடந்தார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுக்கு ஒயர் மாட்டிப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். “ரிப்போர்ட் எல்லாம் சுத்தமா இருக்கு, சந்தோஷமாப் போங்க,” என்றார் தெருமுனை டாக்டர். இவர் போனார். சந்தோஷம் கூட வரவில்லை.

அதுதான் இன்னொரு விஷயம். எதுவுமே வரவில்லை. கோபம், எரிச்சல், ஆசை என்று மனுஷனுக்கு நாளெல்லாம் வந்து போகிறவை எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. மச்சான் ஒருவன் போனில் கூப்பிட்டு, தன்னை வீட்டுக்கு அழைக்கவில்லை என்று சண்டை போட்டான். பழைய ஆளாக இருந்தால் இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பார். இப்போது கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ம், சரி,” என்று வைத்துவிட்டார். மச்சான்தான் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட்டு, “மாமாவுக்கு என்ன ஆச்சு? திட்டவே மாட்டேங்கறாரு,” என்று விசாரித்தான்.

அப்படி இருக்கையில் ஒரு முற்பகல். கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கி மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். காற்று இல்லை. வெயில் நன்றாக இருந்தது.

“இடது பக்கம்ணே. மெதுவா. இன்னும் கொஞ்சம் இடது,” என்றது விசிலின் குரல்.

அவருக்கு நன்றாகக் கேட்டது. இடது என்ற வார்த்தையும் தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. மனம் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வலது பக்கம் தள்ளிவிட்டது. கம்பிக்கட்டு அரைவட்டமாகச் சுழன்று, கலவை சுமந்து போன பெண்களின் தலைக்கு மேலே வந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!”

நிறுத்தினார். கட்டு அவர்களுக்கு மேலே ஒரு கை உயரத்தில் முன்னும் பின்னும் ஆடி நின்றது. இரண்டு பேர் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் சட்டியைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

அவர் மேலேயிருந்து அவளைப் பார்த்தார். இந்நேரம் தனக்குக் கை நடுங்க வேண்டும், வியர்த்துக் கொட்ட வேண்டும் என்று நினைத்தார். கை ஆடாமல் இருந்தது. நெற்றி காய்ந்திருந்தது. கம்பிக்கட்டைப் பத்திரமாகத் தரையில் இறக்கினார். இயந்திரத்தை அணைத்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கத் தொடங்கினார்.

பாதிக்கு மேல் கால் வரவில்லை. நடுத் தட்டில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து விசில் தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்தான். ஏணி ஏறிப் பழக்கம் இல்லாதவன். வந்து சேர்ந்ததும் அவனே அந்தத் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டான்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே. காத்து அடிச்சுதுன்னு சொல்லிடலாம்.”

“காத்து எங்கப்பா அடிச்சுது?”

“அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்.”

“அந்தம்மாவுக்குத் தெரியும். மேல பார்த்துச்சு.”

விசில் கம்பிகளின் இடைவெளி வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தான். “ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கா? நீங்க சீக்கிரமே வந்து உக்காந்து உக்காந்து ஏறுறதை வாட்ச்மேன் சொன்னாரு. நான்தான் வயசாகுது, விடுன்னு சொல்லி வச்சேன்.”

“ஏறுறது போகட்டும். இடதுன்னு சொன்னே பாரு, அது எங்க இருக்குன்னே தெரியல எனக்கு.”

“ஒரு நாள் அப்படி இருக்கும்ணே.”

“கட்டு தலைக்கு மேல ஆடுது. எனக்குப் பயமே வரலப்பா. பயம் வராதவன் அங்க உக்காரக் கூடாது.”

விசில் மிச்சத் தண்ணீரை அவரிடம் நீட்டினான். இருவரும் தட்டுத் தட்டாக நின்று இறங்கினார்கள்.

தகர ஷெட்டில் இருந்த என்ஜினியர் இளவயசுக்காரர். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள் என்றார். “எடுத்தாச்சு சார். அது ஓய்வுல சரியாகுற மாதிரி தெரியல. இனிமே நான் மேல போகல,” என்று இவர் சொன்னார். நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னார். நல்ல ஆள் கைவிட்டுப் போகிறாரே என்று என்ஜினியருக்கு வருத்தம். ஆனாலும் கட்டாயப்படுத்தவில்லை.

வீட்டில் மனைவி கத்தினாள். கேட்காமல் செய்துவிட்டீர்களே என்றாள், நாளைக்கு என்ன செய்வது என்றாள். கத்தி முடித்ததும், “ஏங்க, அந்தப் பொம்பளைங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்று மெல்லக் கேட்டாள். “அதான்,” என்றார் அவர். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

மறுவாரம் அவளே விசாரித்து வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டி ஓரமாக வைத்துவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“கஷ்டமான வேலை செஞ்சா, அன்னிக்கே முடியாமப் போகுதா, மறுநாளா?”

“மறுநாள்,” என்றார் கிரேன்காரர். “சில சமயம் அதுக்கும் மறுநாள்.”

டாக்டர் பேனாவை மூடினார். “கிருமி போயிடுச்சு. அது பண்ணிட்டுப் போனது சிலருக்கு இருந்துடுது. களைப்பு, படபடப்பு, மறதி, எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கறது. நீங்க சோம்பேறியும் இல்ல, இது உங்க கற்பனையும் இல்ல. உங்களை மாதிரி இன்னும் பல பேர் வர்றாங்க.”

“மருந்து?” என்று மனைவி கேட்டாள்.

“படபடப்புக்குத் தர்றேன். களைப்புக்கு இப்போதைக்கு ஒரே வழிதான். அசதி வந்ததும் நிறுத்தறது இல்ல, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும். முடியுதேன்னு இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது.”

“எப்பச் சரியாகும்?”

“சிலருக்குச் சில மாசத்துல. சிலருக்கு வருஷமாகுது. உங்களுக்கு எப்பன்னு எனக்குத் தெரியல.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். இறங்கும் இடம் வருவதற்குள், “நான்தான் நடங்க நடங்கன்னு விரட்டிக்கிட்டே இருந்தேன்,” என்றாள்.

“நல்லதுக்குத்தானே சொன்ன,” என்றார் அவர். அந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சைட்டில் அவருக்குக் கீழ்வேலை கொடுத்தார்கள். கம்பியும் பலகையும் கிரேனில் ஏறுவதற்கு முன்னால் கட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை, அரை நாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டுத் தந்தார்கள். மேலே புதிதாக ஓர் ஆள் வந்தான். இரண்டு பேர் சரி என்றால்தான் கட்டு தரையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தன் தலையை அவ்வளவு நம்புவதற்கில்லை. இன்னொரு ஆள் விசில். “உங்க காலுக்குக் கீழ இருந்தேன், இப்ப பக்கத்துல வந்துட்டேன். எனக்குப் பிரமோஷன்,” என்பான். கலவை சுமக்கும் அந்தப் பெண் போகும்போது வரும்போது அவரைப் பார்ப்பாள். ஒரு நாள் அவராகவே, “அன்னிக்கு என் தப்புதாம்மா,” என்றார். “தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கோடை முடியும் நேரத்தில் மகளுக்கு வேலை கிடைத்தது. போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் சிரித்தார், தலையைத் தடவினார், எந்த இடம், எப்போது சேர வேண்டும் என்றெல்லாம் கேட்டார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?”

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். “வரும்மா,” என்றார். “இப்ப எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் வருது.”

மகள் போனைக் கீழே வைத்தாள். பிறகு, “சரி, வரும்போது சொல்லுங்க. அப்ப இனிப்பு வாங்கித் தர்றேன்,” என்றாள். இதுவரை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவி ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது அது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. நேற்று வேலை முடிந்து அவர் ஏறி வந்தபோது, எதிர் வீட்டு அம்மா காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயோ, உங்க ஸ்டூல். வாங்க, உக்காருங்க,” என்று எழப் பார்த்தார்.

“பரவாயில்ல, நீங்க இருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் கீழ்ப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். மேலே யார் வீட்டிலோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெண்டைக்காய் இன்றைக்கு முற்றலாக இருக்கிறது என்று அந்த அம்மா பேச்செடுத்தார். அவர் கேட்டுக்கொண்டே, இதயம் அடங்கும்வரை காத்திருந்தார்.