மெழுகு வைத்த பினாங்கு டின்

சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. கஞ்சி வைக்க என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் ஜவ்வரிசி வாங்கி வந்தார். பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளை. மோந்தேன். ஒரு வாசனையும் இல்லை. "ஜவ்வரிசியைப் போய் யாராவது மோந்து பாப்பாங்களா?" என்று சிரிக்கிறார். அவருக்கு என்ன தெரியும், பாவம். இது கிழங்கு மாவு. என் மூக்கு தேடியது மரத்துச் சோற்றை.

ஆமாம், மரத்துக்குள்தான் சோறு. என் அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். சில வருஷங்களுக்கு ஒருமுறை கப்பலில் வந்து இறங்குவார். "பனைக்கு ஒண்ணுவிட்ட தம்பி அந்த மரம், சேத்துல நிக்கும்" என்பார். பூ வைக்கும் முன்பே வெட்டிப் பிளந்து, நடுவில் இருக்கும் சோற்றைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்துப் பிழிவார்களாம். அடியில் தங்கும் மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. லேசான பழுப்பு நிறம், வெந்தால் கண்ணாடி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பேதிக்காரர்களுக்கும் பால் மறந்த பிள்ளைக்கும் எங்கள் ராயபுரத்துச் சந்தில் அதுதான் முதல் ஆகாரம். சூட்டைத் தணிக்கும், வயிற்றில் கல்லாக நிற்காது என்பார்கள். எனக்குக் கஞ்சி என்றாலே எரிச்சல். பாயசமாக வந்தால் மட்டும் மன்னித்துவிடுவேன்.

மலாயாவுக்கு யுத்தம் வருவதற்குச் சற்று முன், ஊர் திரும்பிய ஒருவரிடம் அப்பா ஒரு பிஸ்கட் டின் நிறைய ஜவ்வரிசி கொடுத்தனுப்பினார். பூச்சி ஏறாமலிருக்க மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். அதில் அவர் விரல் பதிந்த தடம் இருந்தது. பிறகு மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. குண்டு விழும் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. சொந்தக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பியபோது அம்மா அசையவில்லை. "கப்பல் இங்கதான வரும்? அவுக வந்து எறங்கி, பூட்டுன வீட்டையா பாக்கணும்?" என்றாள். டின்னைப் பரணில் ஏற்றினாள். அவர் வந்து இறங்கப்போகும் அன்றைக்கு அதில் பாயசம். அதுவரை யாரும் தொடக் கூடாது. வேண்டுதல் மாதிரிதான்.

அடுத்த வருஷம் தம்பிக்கு டைபாய்டு. வாரக்கணக்காக அடித்த காய்ச்சல் இறங்கியபோது பிள்ளை பாயோடு பாயாகக் கிடந்தான். ஜவ்வரிசிக் கஞ்சி தவிர வேறெதையும் குடல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பல் நின்றபின் கடைகளில் ஜவ்வரிசிக்கு எங்கே போவது? அம்மா காசிமேடு, தங்கசாலை எல்லாம் அலைந்து வெறுங்கையோடு வந்தாள். பரணைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். ஆனால் அந்த மூடியைத் திறந்தால் அப்பா வரவே மாட்டாரோ என்று அவளுக்குப் பயம். சொன்னால் என்ன, எனக்கும் அதே பயம்தான்.

பக்கத்து வீட்டு மீன்காரி பாக்கியம் அக்கா கூடையை இறக்காமலே வாசலில் நின்று கத்தினாள். "இன்னாம்மே, டின்னுக்குக் காவல் குந்திகினு கீற? உன் வூட்டுக்காரரு வந்தா பாயசம் எங்கன்னா கேப்பாரு? புள்ள எங்கன்னுதாம்மே கேப்பாரு. தொற!"

அம்மா கரண்டிக் காம்பால் நெம்பினாள். உதிர்ந்த மெழுகை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மழையில் நனைந்த பலகை வாசனை, அதோடு லேசான புளிப்பு, வீடெல்லாம் பரவியது. தம்பி பிழைத்தான். கடைசி ஒரு பிடியை மட்டும் அம்மா தனியே எடுத்து வைத்தாள்.

அப்பா வந்தார். யுத்தம் முடிந்து, கன்னம் ஒட்டி, தலை நரைத்து, ஆனால் வந்துவிட்டார்! அம்மா அழுதுகொண்டே அந்த ஒரு பிடியில் கருப்பட்டிப் பாயசம் வைத்தாள். அப்பா கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அவர் வந்திறங்கிய நாளில் எங்கள் வீட்டில் பாயசம். சேலத்துக் கிழங்கு ஜவ்வரிசிதான். ஆனாலும் அதே கண்மூடல், அதே ஒரே மூச்சு, அதே "நல்லாருக்கு". பினாங்கைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்த பினாங்குக் கூட்டாளி ஒருவர்தான் எங்களிடம் சொன்னார்: "அரிசி கண்ணுல படல, மதினி. சேத்துக்காட்டுல ஜவ்வரிசி மரத்த வெட்டி, அந்தச் சோத்தத் தட்டிச் சுட்டுத் தின்னோம். மாசக்கணக்கா அதேதான். கூட இருந்தவனுக ஒவ்வொருத்தனாப் போயிட்டானுக. கப்பலேறும்போது அண்ணாச்சி சொன்னாரு, இனிமே செத்தாலும் இது என் நாக்குல படாதுன்னு."

அம்மா இடிந்துபோவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்கலன்னு மொத நாளே எனக்குத் தெரியும்ட்டி. முகத்தப் பாத்தாத் தெரியாதா? ஒரு வருஷமாவது வேண்டாம்பாகன்னு பாத்தேன். வேண்டாம்னா, ஏன்னு கேக்கலாம்லா? அங்க என்ன பாடு பட்டாகன்னு எங்கிட்ட சொல்லிருப்பாக."

அதற்கப்புறம் அம்மா பாயசமே வைக்கவில்லை. பினாங்குச் சரக்கு திரும்ப வரவே இல்லை. அம்மாவும் போனபின், அந்த வாசனை இன்னதென்று சொல்ல நானும் தம்பியும்தான் பாக்கி.

கஞ்சியை ஆற்றிக் கொண்டுபோனேன். சின்னவன் முகத்தைச் சுளித்து, "எனக்கு வேணாம்" என்றான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்டா கண்ணு?" என்று கேட்டேன். அவன் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.