குகை வாசலில் ஒரு சோடா மூடி

அப்போதெல்லாம் ஞாயிறு பின்னேரங்களில் நான் பூதங்களின் அரசன். மற்ற ஆறு நாளும் ரூ லூயி-பிளாங் தெருவில் சிம் அட்டை விற்பவன். அந்தக் கடையின் பின்னறையில்தான் எங்கள் விளையாட்டு: மேசையைச் சுற்றி இருந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகிக் கதைக்குள் நடப்பது. கதை சொல்வது நான். விதிப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. விளங்காத பக்கங்களுக்கு என் சொந்த விதிகளைச் செருகிவிடுவேன்.

அப்படிச் செருகியதுதான் இது: வேலையால் வர முடியாதவனின் வீரன் குகை வாசலில் காவல் நிற்பான். எதுவும் அவனைத் தாக்காது. அவனே வந்து பகடை உருட்டினால்தான் உள்ளே வரலாம்.

எங்கள் நால்வரில் இளையவன் வன்னியில் இருந்து வந்தவன், ஒபர்வில்லியேயில் சாமான் ஏற்றி இறக்குபவன். முக்கால்வாசி ஞாயிறும் அவனை வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவனுடைய வீரனாக வரைபடத்தில் ஒரு சிவப்புச் சோடா மூடியை வைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறு வேலையிடத்தில் இருந்து எனக்குப் போன் எடுத்தான். எல்லோருக்கும் கேட்கப் போட்டேன்.

"அண்ணை, பத்ரோன் வேலையாலை விடுறானில்லை. இண்டைக்கு மட்டும் என்னை உள்ளை எடுங்கோவன்."

"விதியெண்டா விதி. நில்லடா வாசலிலை."

"அங்கையும் சென்றி, இஞ்சையும் சென்றியோ அண்ணை?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் பெரிதாக. ஊரில் அவன் எத்தனை இரவு துவக்கோடு காவல் நின்றான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் சிரித்தேன்.

அந்தக் கிழமையே நித்திரையில் போய்விட்டான். இதயம் என்றார்கள். விளையாட்டும் அதோடு நின்றது.

பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் மற்ற இருவரும் வந்தார்கள். ஒருவனுக்குச் சட்டை பிதுங்கும் வண்டி, ஒருவனுக்கு வழுக்கை, எனக்கு இரண்டும். "திரும்பத் தொடங்குவமோ?" என்றான் வழுக்கை. பிஸ்கற் தகரத்தைத் திறந்து வரைபடத்தை விரித்தேன். சோடா மூடி விழாமல் இருக்க அன்று ஒட்டிய ஒட்டுநாடா மஞ்சளாகியிருந்தது. அவன் குகை வாசலிலேயே நின்றான்.

"முதல்லை அவனை உள்ளை எடு," என்றான் மற்றவன்.

"அவன்தான் உருட்ட வேணும்."

"விசரா, உன்ரை விதிதானே அது. மாத்தன்."

பிரெஞ்சுக்காரன் எழுதிய விதி எத்தனையை மாற்றியவன் நான். விரலை மூடியில் வைத்தேன். தள்ள வரவில்லை. நான் தள்ளினால் அது நான் போவது, அவன் வருவதல்ல.

எழும்பிப் போய்க் கடைக் கதவை அகலத் திறந்துவிட்டு வந்து இருந்தேன்.

"குளிர் வருகுது, பூட்டன்ரா."

"கொஞ்சம் பொறு."

பகடை இளையவனுடைய வெறுங்கதிரைக்கு முன்னால் கிடந்தது.